நாமக்கல் மலையில் நாலு எழுத்து

2012 டிசம்பர் 21-ஆம் தேதி ஞாபகம் இருக்கா மக்களே? அன்னைக்கு உலகம் அழிஞ்சிடும், மாயன் காலண்டர்லயே போட்டிருக்குன்னு ஊரே பேசிச்சு. டீக்கடை பெஞ்சு வரைக்கும் மாயன் வந்து உட்கார்ந்துட்டான். உலகம் அழியல. மறுநாள் காலையில வழக்கம் போல பால் பாக்கெட் வந்துச்சு :-) அவங்க காலக்கணக்குல ஒரு பெரிய சுற்று முடிஞ்சு அடுத்த சுற்று ஆரம்பிக்கிற நாள் அது. நம்ம அறுபது வருஷக் கணக்குல அட்சய முடிஞ்சா திரும்பவும் பிரபவ வருதில்லையா, அந்த மாதிரி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

அந்தக் கூத்துல ஒரு லாபமும் இருந்தது. மாயன்னு ஒரு கூட்டம் இருந்துச்சு, கல்லைச் செதுக்கி அதுல தேதி போட்டு நட்டு வெச்சாங்க என்கிற விஷயம் நம்மூர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சுது. எங்கேயோ காட்டுக்குள்ள நிக்கிற அந்தக் கல்லைப் பத்தி நம்மாளுங்க விடிய விடியப் பேசினாங்க. அந்தக் கல்லு நட்ட அதே நூற்றாண்டுல குடைஞ்ச குகை ரெண்டு, சேலத்துலேர்ந்து பஸ் ஏறினா சுமார் 50 கிலோமீட்டர்ல நாமக்கல்ல இருக்கு. செதுக்கின ராஜா பேரும் அங்கேயே கல்லில் இருக்கு. அதைப் பத்தி யாரும் பேசக் காணோம்.

அதனாலதான் இந்தப் பதிவு. நாமக்கல் பத்தித்தான் எழுதப் போறேன். ஆனா மாயன் கதையைக் கொஞ்சம் சொல்லிட்டு வந்தா நாமக்கல்லோட அருமை இன்னும் நல்லா உறைக்கும். பொறுத்துக்கோங்க.

வாசிக்க ஆளில்லாத கல்

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டுல கோபான்னு ஒரு பழைய நகரம். அங்கிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர்ல, குவாத்தமாலா எல்லைக்குள்ள கிரிகுவா. கிட்டத்தட்ட நம்ம சேலம் - நாமக்கல் தூரம். ரெண்டு ஊர்லயும் ராஜாக்களோட உருவத்தை ஆள் உயரத்துக்கு மேல கல்லில் செதுக்கி, பக்கவாட்டுல பொம்மை பொம்மையா எழுத்து வெட்டி நிறுத்தியிருக்காங்க.

1839-ல ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர் கோபானுக்குப் போய்ச் சேர்ந்தார். மரமும் கொடியும் மூடிக் கிடந்த அந்த இடத்தை 50 டாலருக்கு விலை பேசி வாங்கிட்டார்! இடத்தை வாங்க முடிஞ்சுது, கல்லில் இருக்கிறதை வாசிக்க முடியல. வாசிக்கத் தெரிஞ்சவங்க பரம்பரையே எப்பவோ அத்துப் போயிருந்தது. அதுக்கு முன்னாடி, 1562-ல, மானி என்ற ஊர்ல டியேகோ டி லாண்டா என்கிற ஸ்பானியப் பாதிரியார் மாயன் ஏடுகளைக் குவிச்சு வெச்சு எரிச்சிருந்தார். இன்னைக்கு உலகத்துல மிஞ்சியிருக்கிற மாயன் ஏடுகள் நாலே நாலு.

வேடிக்கை என்னன்னா, அதே லாண்டா எழுதி வெச்ச ஒரு குறிப்பிலிருந்துதான் ரஷ்யாவில் யூரி நோரோசோவ் 1952-ல அந்த எழுத்தோட பூட்டைத் திறக்க ஆரம்பிச்சார். 1960-ல தாத்தியானா புரோஸ்குரியாகோஃப் என்ற அம்மையார், கல்லில் இருக்கிற தேதிகள் ராஜாக்கள் பொறந்ததும் பட்டம் ஏறினதும்னு நிரூபிச்சார். அதுவரைக்கும் பெரிய பெரிய அறிஞர்களே அதெல்லாம் வெறும் பஞ்சாங்கம், பூசாரிகளோட நட்சத்திரக் கணக்குன்னு நம்பிக்கிட்டிருந்தாங்க.

வாசிச்ச உடனே கல்லெல்லாம் கதை பேச ஆரம்பிச்சுடுச்சு. கோபான் ராஜா ஒருத்தர் இருந்தார்; ஆராய்ச்சியாளர்கள் வெச்ச செல்லப் பேர் 'பதினெட்டு முயல்'. அவர் தானே முடிசூட்டி வெச்ச கிரிகுவா சிற்றரசன், 738-ல அவரையே பிடிச்சுத் தலையை எடுத்துட்டான். அப்புறம் தன் சின்ன ஊர்ல போட்டி போட்டுக்கிட்டுக் கல் நட்டான். 771-ல நட்ட ஒரு கல் 35 அடி! மாயன் உலகத்துலயே உசரமான கல் அதுதான்.

771. இந்த வருஷத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அதே காலத்துல நம்மூர்

நாமக்கல்லுன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? முட்டை, லாரி, கோழிப்பண்ணை, பள்ளிக்கூடம், ஆஞ்சநேயர். கணக்குப் பிரியர்களுக்கு ராமானுஜன் கனவுல வந்த நாமகிரித் தாயார். 1997 ஜனவரி 1-ல தனி மாவட்டம் ஆகிறவரைக்கும் சேலம் மாவட்டத்துல ஒரு ஊர்.

ஊருக்கு நடுவுல ஒரே கல்லாக ஒரு மலை. சுமார் 200 அடி உசரம். மொட்டையா, வழவழன்னு, யானை படுத்திருக்கிற மாதிரி. உச்சியில கோட்டை. கோட்டை பிற்காலத்தது, நாயக்கர் - மைசூர்க்காரர் காலத்துக் கதை. நம்ம விஷயம் மலையோட அடிவயித்துல இருக்கு. மேற்குப் பக்கம் நரசிம்மர் குகை, கிழக்குப் பக்கம் ரங்கநாதர் குகை. ரெண்டும் 8-ஆம் நூற்றாண்டு.

போன மாசம் ஒரு புதன்கிழமை போனேன். ஞாயிற்றுக்கிழமை போனா ஆஞ்சநேயருக்கு வடைமாலை பார்க்க வந்த கூட்டத்துல நம்ம கண்ணுக்கு வடையைத் தவிர எதுவும் தெரியாது. 18 அடி ஆஞ்சநேயர், தலைக்கு மேல கூரை கிடையாது, எதிர்ல இருக்கிற நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பி நிக்கிறார். வர்றவங்கள்ல பாதிப் பேர் அவரைக் கும்பிட்டதோட பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிடறாங்க. மீதிப் பேர் நரசிம்மரையும் தாயாரையும் பார்க்கிறாங்க. மலையைச் சுத்திக்கிட்டுக் கிழக்கே ரங்கநாதர் படி ஏறுறவங்க ரொம்பக் கம்மி.

பூக்கடை அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

"இந்தக் கோயில் யார் கட்டினதுங்கம்மா?"

"கட்டுனதில்லீங்க கண்ணு, மலையக் கொடஞ்சதுங்க. ராசா காலத்துக் கோயலு."

"எந்த ராஜாங்க?"

"அதெல்லாம் ஆருங்க கண்டது? பூ எத்தன மொழம் வேணுமுங்க?"

சரியாத்தான் சொன்னாங்க. கட்டினதில்லை, குடைஞ்சது. அந்த வித்தியாசம் படிச்ச நம்மள்ல பலருக்கே தெரியாது. ஆனா 'எந்த ராஜா' என்கிற கேள்விக்குப் பதில் அவங்க கடையிலேர்ந்து கொஞ்ச தூரத்துல கல்லிலேயே வெட்டியிருக்கு.

மேற்கே நரசிம்மர்

குகைக்குள்ள நுழைஞ்சா நடுவுல சிம்மாசனத்துல உட்கார்ந்த நரசிம்மர். தனியா ஒரு சிலை செஞ்சு கொண்டுவந்து வெச்சதில்லை. மலையையே செதுக்கி எடுத்தது. ரெண்டு பக்கமும் சனகர், சனாதனர், சூரிய சந்திரர்கள், பிரம்மா, சிவன்.

அர்ச்சனை முடிஞ்சதும் எல்லாரும் திரும்பிடறாங்க. நீங்க அவசரப்படாதீங்க. பக்கத்துச் சுவர்கள்ல நாலு பெரிய சிற்பத் தொகுதிகள் இருக்கு. பூமாதேவியைத் தூக்கி வர்ற வராகர். ஆதிசேஷன் மேல உட்கார்ந்திருக்கிற வைகுண்ட நாராயணன். இரணியனைப் பிடிச்சு வயித்தைக் கிழிக்கிற நரசிம்மர். அப்புறம் உலகளந்த பெருமாள்.

எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசி ஆள்தான். மாவலிகிட்ட தானம் வாங்குற சின்ன வாமனனும் அதுல இருக்கான், ஒரு காலை வானத்துக்குத் தூக்கின திரிவிக்கிரமனும் இருக்கான். முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் ஒரே கல்லில், ஒரே சமயத்துல. சினிமாவுல நாலு ரீல் ஓடுற கதையை ஒரே சட்டத்துக்குள்ள அடக்கிட்டாங்க. உள்ள படம் எடுக்க விடறதில்லை, அதனால "படம் எங்கே?"ன்னு யாரும் கேட்காதீங்க. கண்ணால பார்த்துட்டு வாங்க, அதுவே போதும்.

ஒரு விஷயம் சொல்லணும். கர்நாடகாவில் பாதாமி மூணாவது குகைக்குப் போனவங்களுக்கு இந்த வரிசை பழக்கப்பட்டதா இருக்கும். அங்கேயும் வராகர், நரசிம்மர், திரிவிக்கிரமன், பாம்பு மேல உட்கார்ந்த விஷ்ணு, பாதி சிவன் பாதி விஷ்ணு எல்லாம் உண்டு. அது சகம் 500, அதாவது கி.பி. 578-ல சாளுக்கியர் செஞ்சது. கல்வெட்டுலயே வருஷம் இருக்கு. பல்லவ நாடு, பாண்டிய நாடு, சாளுக்கிய நாடு மூணுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டிருந்த நாடு கொங்கு. மூணு பக்கத்துக் காத்தும் வீசின இடம்.

ஆனா பாதாமி மணற்கல். கோபான் கல்லோ எரிமலைச் சாம்பல் இறுகினது, உளிக்கு இணக்கமா வரும். நாமக்கல் அப்படி இல்லை. நம்மூர்க் கருங்கல். பத்து அடி அடிச்சாத்தான் ஒரு சில்லு தெறிக்கும். அதுலயும் குடைவரையில திருத்தம்கிற பேச்சே கிடையாது. கட்டடம்னா கல்லு பொளந்துபோனா வேற கல்லு வெச்சுக்கலாம். இங்க மூக்கு போனா போனதுதான், மலையை மாத்த முடியுமா?

கிழக்கே குணசீலன்

மலையைச் சுத்திக்கிட்டு வந்து படியேறினா ரங்கநாதர். பாம்பணையில படுத்திருக்கார். இந்தப் பாம்பு ஆதிசேஷன் இல்லை, கார்க்கோடகன்னு உள்ளூர்ல சொல்றாங்க. இந்தக் குகையில சங்கரநாராயணன், வாமனன், திரிவிக்கிரமன், நரசிம்மர் சிற்பங்களும் இருக்கு. நான் போனப்ப என்னைத் தவிர ரெண்டே பேர். வௌவால் சத்தம் கேக்குற அளவுக்கு அமைதி.

இங்கேதான் அந்தக் கல்வெட்டு இருக்கு. பல்லவ கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. 1906-ல அரசாங்கக் கல்வெட்டுத் துறைக்காரங்க வந்து மைப்படி எடுத்துட்டுப் போனாங்க. ஈரக் காகிதத்தை எழுத்து மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டிப் பள்ளத்துல இறக்கி, மேல மையை ஒத்தி எடுப்பாங்க; எழுத்து வெள்ளையாவும் சுத்தி கறுப்பாவும் வரும். அப்படி எடுத்து வாசிச்சதுல கிடைச்ச சங்கதி இது.

குகையோட பேர், அதியேந்திர விஷ்ணுகிருகம். கிருகம்னா வீடு. அதியர் அரசன் விஷ்ணுவுக்குக் கொடுத்த வீடு. குடைஞ்ச ராஜா அதியர் குலத்துல வந்த குணசீலன்.

குணசீலன்! பேரைக் கேட்டா எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருக்கிற மாதிரி இல்லை? நம்ம ஸ்கூல்ல கூடப் படிச்சவன் பேர் மாதிரி. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தின ராஜா இவ்வளவு பக்கத்து மனுஷனா இருப்பார்னு யார் நினைச்சா?

ராஜா பேரோட நிக்கல. ரங்கநாதரைச் சுத்திச் செதுக்கின தேவர்கள், முனிவர்கள் பேரும் வரிசையா எழுதியிருக்காங்க. இன்னைக்கு மியூசியத்துல சிலைக்குக் கீழ சின்ன அட்டை வெப்பாங்களே, அதை அன்னைக்கே கல்லில் வெச்சுட்டுப் போயிருக்காங்க. "இன்னார் இன்னார் இருக்காங்க, தெரிஞ்சுக்கோ"ன்னு பின்னாடி வர்றவனுக்காக எழுதினது. பின்னாடி வர்றவன் நாமதான்.

மூணு கல்லு, ஒரு குடும்பம்

அதியர்னதும் உங்களுக்கு ஔவையாரும் நெல்லிக்கனியும் ஞாபகம் வந்திருக்கும். அதே குடும்பம்தான். தகடூர், அதாவது இன்னைக்கு தர்மபுரி, அவங்க தலைநகர். அதியமான் நெடுமான் அஞ்சி சங்கப் பாட்டுல மட்டும் வர்ற ஆள்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தோம். 1981-ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊர்ல, குன்றுல ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிச்சாங்க. ஒரே ஒரு வரி. அதியன் நெடுமான் அஞ்சி முனிவர்கள் தங்கக் கொடுத்த குகை இதுன்னு சொல்லுது. சுமார் கி.பி. முதல் நூற்றாண்டு.

அந்த வரி ஒரு பெரிய பஞ்சாயத்தையும் தீர்த்து வெச்சது. அசோகர் தன் கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட 'சத்தியபுத்திரர்'னு ஒருத்தரையும் சொல்றார். அது யாருன்னு அறிஞர்கள் பல வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தாங்க. ஜம்பையில அஞ்சிக்கு முன்னாடி அதே பட்டம் இருக்கு. ஆக அசோகர் சொன்னது நம்ம அதியர்களை.

இது முதல் கல்லு. ரெண்டாவது கல்லு நாமக்கல், 8-ஆம் நூற்றாண்டு. மூணாவது, போளூர் பக்கத்துல திருமலைன்னு ஒரு சமணத் தலம். அங்க தகடூர் விடுகாதழகிய பெருமாள் என்கிற அதியமான், முன்னோன் எழினி வெச்ச யட்சன் - யட்சி உருவங்களைப் புதுப்பிச்சேன்னு எழுதி வெச்சிருக்கான். மூணாம் குலோத்துங்கன் காலம், 1200-ஐ ஒட்டி.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஜம்பைக்கும் திருமலைக்கும் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல. அவ்வளவு காலம் ஒரு சின்னக் குடும்பம், மூவேந்தரும் பல்லவரும் மிதிச்ச மண்ணுல, தன் பேரை விடாம பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. முதல் கல்லு சமண முனிவர்களுக்கு, ரெண்டாவது பெருமாளுக்கு, மூணாவது திரும்பவும் சமணத்துக்கு. இந்தச் சங்கிலியில நடுக் கண்ணிதான் குணசீலன். அவனை எடுத்துட்டா ரெண்டு முனையும் தனித்தனியாத் தொங்கும்.

புகழியூர்ச் சண்டை

குணசீலன் குடும்பத்துக்கு அந்த நூற்றாண்டு சுகமான காலம் இல்லை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனோட ஸ்ரீவரமங்கலச் செப்பேடு அவன் வெற்றிகளை அடுக்கும்போது, ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் என்ற இடங்கள்ல அதியனைத் தோற்கடிச்சதைச் சொல்லுது. அதியன்னு குலப்பேரை மட்டும்தான் சொல்லுது. அவனுக்கு உதவியா ஒரு பக்கம் பல்லவனும் இன்னொரு பக்கம் சேரனும் வந்தாங்க, ரெண்டு பேரையும் விரட்டினேன்கிறான் பாண்டியன். கொங்கு ராஜாவைப் பிடிச்சு மதுரையில அடைச்சேன்னும் சேர்த்துக்கறான். புகழியூர் வேற எதுவும் இல்லை, நம்ம புகழூர்தான். பரமத்தி வேலூர்ல காவிரிப் பாலத்தைத் தாண்டினா கரூர் பக்கம் வருமே, அது.

இப்ப அந்த 771-க்கு வருவோம். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 770-ல, இதே நெடுஞ்சடையனோட மந்திரி மாறன் காரி மதுரை ஆனைமலையில ஒரு குகை குடைஞ்சார். யாருக்கு? நரசிம்மருக்கு! கலியுகம் 3871-னு கல்வெட்டுலயே கணக்கு இருக்கு. வேலை முழுசா முடியறதுக்குள்ள மாறன் காரி காலமாகிட்டார், தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடிச்சு வெச்சார்.

ஆக, சண்டை போட்ட ரெண்டு பக்கமும் நரசிம்மருக்கே குகை. போதாததுக்கு, ஜெயிச்ச பாண்டியன் கொங்கு நாட்டுல காஞ்சிவாய்ப் பேரூர்ல விஷ்ணுவுக்கு மலை மாதிரி ஒரு கோயில் கட்டினேன்னும் அதே செப்பேட்டுல சொல்றான். அதியன் மலையைக் கோயிலாக்கினான். பாண்டியன் கோயிலை மலை மாதிரி ஆக்கினான்! கிரிகுவாக்காரன் 35 அடிக்கு நட்ட கல்லும் இதே ஜாதிதான். ராஜாக்களுக்கு மண்ணுல போட்ட சண்டை பத்தாது, கல்லுலயும் போடணும்.

நாலு எழுத்து

இப்ப ஒரு சந்தேகம் வரும். சங்க கால அதியன் தமிழ்ல பாட்டு வாங்கினான், தமிழ்ல கல்வெட்டு வெட்டினான். இந்தக் குணசீலன் ஏன் சமஸ்கிருதத்துல, கிரந்தத்துல வெட்டினான்? பின்னூட்டத்துல இதுக்கு ஒரு கும்மி நிச்சயம் உண்டுன்னு தெரியும் :-) ஆனா கோதாவுல இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அந்தக் காலத்து ராஜாக்கள் பழக்கமே அதுதான். ஆனைமலையில மாறன் காரி செய்தியும் கிரந்தத்துல சமஸ்கிருதமா இருக்கு, கூடவே தம்பி செய்தி வட்டெழுத்துல தமிழா இருக்கு. ரெண்டாவது, ஜம்பையில அஞ்சியோட தமிழ் வரியிலேயே அந்தப் பட்டப் பேர் மட்டும் பிராகிருதம். அதை எழுத தமிழ்ல எழுத்து இல்லாததால 'ஸ' ஒலிக்கு வடக்கத்தி பிராமியிலிருந்து ஒரு எழுத்தைக் கடன் வாங்கியிருக்கான். இன்னைக்கு நாம பஸ், ஜன்னல், ஹோட்டல், ரிக்‌ஷான்னு எழுதறப்ப செய்யற அதே வேலை. சண்டை போடறதுன்னா போடலாம், ஆனா முதல்ல கல்லை வாசிச்சுட்டுப் போடுவோமே.

கிரந்தம்னதும் பயப்படாதீங்க. ஜ, ஷ, ஸ, ஹ. இந்த நாலும் கிரந்தத்துலேர்ந்து வந்தவைதான். ஆக நாலு எழுத்து உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 8-ஆம் நூற்றாண்டு வடிவம் இன்னைக்கு இருக்கிற மாதிரி இருக்காது, அது வாஸ்தவம். ஆனா ரெண்டு மூணு வாரம் சாயங்காலம் உட்கார்ந்து பழகினா பிடிபட ஆரம்பிச்சுடும். கம்போடியா, ஜாவா எழுத்துக்கெல்லாம் தாய் வீடு இந்தப் பல்லவ எழுத்துதான். நமக்கு நம்ம வீட்டுச் சாவி கையில இருக்கு, பூட்டைத்தான் தொடறதில்லை.

எனக்கு உறுத்தறது இதுதான். மாயன் எழுத்தை வாசிக்கிறவங்க மொத்தமா இல்லாமப் போனாங்க. ஏட்டை எரிச்சாங்க, மொழியை ஒடுக்கினாங்க. அப்படியும் விடாம நாலு ஏட்டையும் காட்டுக் கல்லையும் வெச்சுக்கிட்டு, எங்கேயோ ரஷ்யாவில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் ஆரம்பிச்சு, ஒரு தலைமுறைக்குள்ள வாசிச்சுட்டாங்க. நமக்கு யாரும் எதையும் எரிக்கல. வாசிக்கத் தெரிஞ்சவங்க எப்பவும் இருந்தாங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடியே மைப்படி எடுத்தாச்சு. ஆனா கல்லுக்குப் பக்கத்துல பூ விக்கிறவங்களுக்கும் தெரியாது, பூ வாங்கற நமக்கும் தெரியாது.

இதனால என்ன நஷ்டம்னு கேக்கலாம். நஷ்டம் இருக்கு. தெரியாத எழுத்துக்காக யாரும் வக்காலத்து வாங்கறதில்லை. நம்ம ஊர்க் கோயில்கள்ல திருப்பணிங்கிற பேர்ல வேகமா மணலை அடிச்சுக் கல்லைச் சுத்தம் பண்ணப்ப, கூடவே எழுத்தும் மழுங்கிப் போச்சு. சுண்ணாம்பு, பெயிண்ட், டைல்ஸ், ஒயரிங்னு கல்வெட்டு மேல ஏறி உட்காராத சாமான் இல்லை. அதுல ஒரு ஆள் பேர் இருக்குன்னு தெரிஞ்சா கை கொஞ்சம் தயங்கும் இல்லையா? ஏதோ கிறுக்கல்னு நினைச்சா தயங்காது.

ராஜா மட்டும்தானா?

இதை எழுதாம விட்டா மனசு ஆறாது. மாயன் நட்ட கல்லுல இருக்கிறது ராஜாவும் அவன் வீட்டு ஆளுங்களும்தான். நம்ம பக்கம் நட்ட கல்லுல ராஜா பேர் வருஷக் கணக்குக்கு மட்டும் வரும். உருவமா நிக்கிறது ஊர்க்காரன். நான் சொல்றது நடுகல். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல சேர்ந்திருந்த தர்மபுரிப் பக்கமும், அதை ஒட்டின செங்கம் பக்கமும் இதுக்குப் பேர் போன இடங்கள். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துல வரிசையா வெச்சிருக்காங்க, போய்ப் பாருங்க.

செங்கம் வட்டாரத்துல எடத்தனூர்னு ஒரு ஊர். முதலாம் மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சியாண்டுக் கல் ஒண்ணு அங்க இருக்கு. மாட்டுச் சண்டையில செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரன் உருவம். பக்கத்துல ஒரு நாய். ரெண்டு திருடர்களைக் கடிச்சு நின்ன அந்த நாயோட பேர் கோவிவன்னு எழுத்துலயே இருக்கு. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேல ஒரு நாயோட பேர் நிலைச்சு நிக்குது மக்களே. யாரோ வெட்டி வெச்சதாலயும், யாரோ வாசிச்சதாலயும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கோவிவன் இல்லை.

போறவங்களுக்கு

சேலத்துலேர்ந்து நாமக்கல்லுக்கு எந்நேரமும் பஸ் உண்டு. காலையிலேயே போயிடுங்க, வெயில் ஏறினா பாறை கொதிக்கும். மேற்கே நரசிம்மரையும் நாலு சிற்பத் தொகுதியையும் நிதானமா பாருங்க, அப்புறம் மலையைச் சுத்திக்கிட்டுக் கிழக்கே ரங்கநாதர். சன்னதியில இருக்கிறவங்ககிட்ட மரியாதையாக் கேட்டீங்கன்னா சிற்பங்களைக் கொஞ்ச நேரம் நின்னு பார்க்க விடறாங்க. டார்ச் எல்லாம் அடிச்சு அட்டகாசம் பண்ணாதீங்க, அது இன்னைக்கும் பூஜை நடக்கிற கோயில்.

தெம்பு இருந்தா கோட்டைக்கும் ஏறுங்க. பாறையிலேயே வெட்டின படி. மேல ஒரு பெருமாள் கோயிலும் தர்காவும் இருக்கு, ஊர் முழுக்கத் தெரியும், கமலாலயக் குளமும் தெரியும். கோட்டைச் சுவர்ல இதயத்தைத் துளைச்ச அம்போட நம்ம பசங்க பேரும் ஏகப்பட்டது தெரியும். கல்லுல பேர் வெட்டுற ஆசை மட்டும் இன்னும் விட்டுப் போகல!

கூட சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போனா ரங்கநாதர் குகையில நிறுத்தி, "இதைக் குடைஞ்ச ராஜா பேர் குணசீலன், நம்ம ஔவையாரோட அதியமான் வம்சம்"னு ஒரு வரி சொல்லிடுங்க. திரும்பும்போது பூக்கடையில நான் அதைத்தான் செஞ்சேன். அந்தம்மா கேட்டுட்டு, "நல்ல பேராத்தானுங்க இருக்குது"ன்னாங்க.

பி.கு: கிரந்தம் பழக ஆசைப்படற நாலு பேர் சேர்ந்தா, மாசம் ஒரு ஞாயிறு சேலத்துல உட்காரலாம்னு ஒரு யோசனை இருக்கு. வர்றவங்க பின்னூட்டத்துல கையைத் தூக்குங்க. டீ செலவு என்னோடது.